லக்சனாவின் பெயரில் ஒரு பாடம்

திருகோணமலை
12 மார்ச் 2025

அன்புள்ள தயா,

"பாரிஸில இருக்கிறவ உங்களுக்கு என்ன முறை?" என்று கொழும்பில் விசா மேசையில் இருந்த பிள்ளை என்னிடம் கேட்டாள். மகன் இராகுலனைப் பார்க்க ஜேர்மனிக்குப் போவதாகவும், இடையில் ஆறு நாள் பாரிஸில் நிற்பதாகவும் விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். அதனால் வந்த கேள்வி.

"சினேகிதி" என்றேன்.

"சொந்தம் இல்லையோ?"

பழக்கதோஷம், உடனே உதாரணம் சொல்லத் தொடங்கிவிட்டேன். "பிள்ளை, ஆறு வருசமா விடிய ஆறரை பஸ்ஸில ஒரே சீற்றில இருந்து படிப்பிக்கப் போனனாங்கள். அவ வராத நாளில அவவின்ர இடத்தில என்ர பையை வைச்சுக்கொண்டு போவன். ஆரும் வந்து இருந்திடக் கூடாதெண்டு." அவள் சிரித்துக்கொண்டு தாளில் ஏதோ குறித்தாள். நேற்று விசா வந்துவிட்டது.

ஆகவே யூன் மாதம் வருகிறேன். நீர் போய்ப் பதினேழு வருடம். உமது குரலை வாட்ஸ்அப்பில் கேட்கிறேன், ஆனால் எனக்கு இன்னும் தாளில்தான் கை ஓடுகிறது. ஓய்வு பெற்றபின் கடிதம் எழுத ஆளில்லாவிட்டால் எழுத்தும் கோணிப் போகும்.

இங்கே புதினம் குறைவு. உட்துறைமுகத்தில் கப்பல் வந்தால் வீதியில் லொறி, வராவிட்டால் கோட்டை மான்கள். போன கிழமை பாயிஸின் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இறக்கக்கண்டியில் நம்மிடம் மூன்றாம் வகுப்புப் படித்த அதே பாயிஸ்தான். இப்போது மீசை வைத்திருக்கிறான். பாதி வழியில் திரும்பி, "ரீச்சர், என்ர ஆட்டுப் பாடம் இன்னும் வைச்சிருக்கிறியளோ? மகளுக்குக் காட்டோணும், நம்பிறாளில்லை" என்றான். ஆண்டுதோறும் வகுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு வாசிப்புப் பாடம் எழுதுவேனே, நீர் படம் கீறித் தருவீரே, அந்தக் கொப்பியைத்தான் கேட்கிறான். "சுனாமியில போட்டுது மகன், தயாளினி ரீச்சரின்ர வீட்டில இருந்தது" என்றேன். பாவம், முன்னால் திரும்பி வீதியைப் பார்த்து ஓட்டினான்.

உமக்கு என்ன கொண்டு வர? மிளகாய்த்தூள் இடித்து வைக்கிறேன். கருவாடு பெட்டியில் மணக்குமென்று இராகுலன் கத்துகிறான். மணக்கட்டும்.

அன்புடன்,
மலரக்கா


பாரிஸ்
2 ஏப்ரல் 2025

என் அன்பு மலரக்கா,

உங்கள் கடிதத்தைப் படிக்கட்டில் நின்றே வாசித்துவிட்டேன். நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. நீங்கள் வரும்போது ஒவ்வொரு மாடியிலும் ஒரு கதிரை போட்டு வைக்கச் சொல்லி இவரிடம் சொல்லியிருக்கிறேன். "ரீச்சரைத் தூக்கிக்கொண்டு ஏறுவன்" என்கிறார். இவருக்கு நாரியில் பிடிப்பு, எண்ணெய்ச் சட்டியைத் தூக்கவே ஏலாது.

ஐயோ அக்கா, எங்கே தொடங்குவது? லாச்சப்பலுக்குப் போவோம். ஒரு தெரு முழுக்க நம்முடைய ஆட்கள்தான். இங்கே முருங்கைக்காய் வாங்குகிறவன், அங்கே தொதல் விற்கிறவன், நடுவில் தாலிக்கொடிக் கடை, பக்கத்தில் வெள்ளைக்காரன் கோப்பியோடு உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறான். சத்தமென்றால் சத்தம்! பிறகு ஆற்றில் படகு. ஈபிள் கோபுரம் இரவில் மின்னும், அதையும் பார்க்க வேண்டும். வெயில் காலத்தில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆறு நாள் காணாது, பத்து நாள் நில்லுங்கோ.

சனிக்கிழமை மட்டும் எனக்குத் தமிழ் வகுப்பு. நீங்கள் அங்கே வர வேண்டாம். சின்ன மண்டபம், பிள்ளைகளின் இரைச்சல், உங்களுக்கு அலுப்பு. முப்பத்தைந்து வருடம் பார்த்தது போதாதா? அன்றைக்கு இவர் உங்களைக் கோபுரத்துக்குக் கூட்டிப் போவார்.

பாயிஸுக்கு மீசையா? அந்தக் குழப்படிக்கா? பழைய கொப்பிக் கதையை விடுங்கோ அக்கா. போனது போனதுதான், நினைத்தால் மனதுக்குப் பாரம்.

கருவாடு கட்டாயம் கொண்டு வாங்கோ. இரண்டு பொலித்தீனில் சுற்றினால் மணக்காது.

உங்கள்
தயா


டோர்ட்முண்ட்
21 யூன் 2025

தயாளினி அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை என்னை ரயிலேற்றும்போது, "என்ன அக்கா, பாரிஸ் பிடிக்கேல்லையோ? மூண்டு நாளா முகம் சரியில்லை" என்று கேட்டீர்கள். தலையிடி என்றேன். அது உண்மையல்ல. பாரிஸ் எனக்குப் பிடித்தது. வீதியில் ஒருவன் வயலின் வாசிக்க, யாரோ இரண்டு கிழவர்கள் சந்தைப் பையைக் கீழே வைத்துவிட்டு ஆடினார்களே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலையில் நீங்கள் வகுப்புக்குப் போனபின் மழை பிடித்தது. உங்கள் கணவர் யன்னலால் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த மழையில கோபுரத்தின்ர கால்தான் தெரியும் ரீச்சர். வாங்கோ, உங்கட சினேகிதி படிப்பிக்கிற வடிவைப் பாத்திட்டு வருவம். எல்லாம் உங்களிட்டப் பழகினதெண்டு அவவே சொல்லுவா." அவருக்குக் கள்ளமில்லை. உங்கள் புத்தகத்தின் கதை அவருக்கே தெரியாது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

மண்டபத்தின் கதவு பாதி திறந்திருந்தது. நீங்கள் எங்களுக்கு முதுகு காட்டிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தீர்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை எழுந்து நின்று வாசித்தாள். "ஆதிரா காலையில் பூங்காவுக்கு ஓடுவாள். அங்கே புறாக்கள் வரும். ஆதிரா புறாக்களை எண்ணுவாள். பத்துக்கு மேல் எண்ண ஆதிராவுக்குத் தெரியாது."

அவள் அடுத்த வரிக்கு மூச்சு எடுக்குமுன் அது என் வாயில் வந்துவிட்டது, இறக்கக்கண்டியில் லக்சனாவின் பெயரில் நான் எழுதியபடியே. பத்துக்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். அதனால் லக்சனாவின் மீன்கள் முடிவதே இல்லை.

அந்தப் பிள்ளை வாசித்தாள்: "பத்துக்குப் பிறகு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள். அதனால் ஆதிராவின் புறாக்கள் முடிவதே இல்லை."

உங்கள் கணவரிடம் கால் உளைகிறது என்று சொல்லி, வாசலில் இருந்த கதிரையில் இருந்தேன். பக்கத்து மேசையில் நீல அட்டைப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. 'எழுதியவர்: தயாளினி குலசிங்கம். நான்காம் பதிப்பு.' ஒன்றை எடுத்து என் பைக்குள் வைத்தேன். உங்கள் கணவர், "எடுங்கோ ரீச்சர், எங்கட பிள்ளைமாதிரி அந்தப் புத்தகம்" என்றார்.

பிறகு மூன்று நாள் உங்கள் வீட்டில் சாப்பிட்டேன், படகில் ஏறினேன், படமெடுக்கச் சிரித்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பிழை செய்த பிள்ளையைப் பலர் முன்னால் கேட்கக் கூடாது என்று நானே பயிற்சி ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எந்நேரமும் ஆட்கள் இருந்தார்கள்.

ரயிலில் முழுவதையும் வாசித்தேன். இருபத்தெட்டுப் பாடங்கள். என் வகுப்பிலும் இருபத்தெட்டுப் பிள்ளைகள். பாயிஸின் ஆடு ரயனின் நாய்க்குட்டியாகியிருக்கிறது. வினோதனின் நிலாவெளி பஸ் மெத்ரோவாகியிருக்கிறது. லக்சனா ஒரு வரியிலும் இல்லை.

ஒரேயொரு கேள்வி. கொப்பி எங்கே?

இராசமலர்


பாரிஸ்
30 யூன் 2025

மலரக்கா,

'தயாளினி அவர்களுக்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். 'நீர்' போய் 'நீங்கள்' வந்திருக்கிறது. ஒரு அடி போட்டிருந்தால்கூட நோவு குறைவாக இருந்திருக்கும்.

மூன்று நாள், அக்கா! என் குசினியில் என்னோடு வெங்காயம் உரித்தீர்கள். "புட்டு நல்லாயிருக்கு தயா" என்றீர்கள். புத்தகம் அந்த நேரமெல்லாம் உங்கள் பைக்குள் இருந்திருக்கிறது. என்னிடம் கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நீங்களோ பேசாமல் போய், மகன் வீட்டில் இருந்துகொண்டு தீர்ப்பு எழுதி அனுப்புகிறீர்கள்.

கேளுங்கோ. கொப்பியைக் கடல் கொண்டு போனது உண்மை. அதில் மாற்றம் இல்லை. இங்கே வந்தபின் வகுப்புக்கு ஒரு புத்தகமும் இல்லாதபோது, நினைவில் இருந்ததை எழுதினேன். நான் படம் கீறினவள் அக்கா. ஒவ்வொரு பாடத்தையும் பத்துத் தரம் வாசித்துத்தான் கீறுவேன். எனக்கு எப்படி மறக்கும்? இங்கத்தைப் பிள்ளைகளுக்கு வள்ளம் தெரியாது, வலை தெரியாது, அதனால் புறாவாக மாற்றினேன். பெயரையும் மாற்றினேன். அதில் என்ன குற்றம்? படிப்பிக்கிற ஊருக்குத் தக்கதாக உதாரணம் சொல்ல வேண்டுமென்று எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான்.

உங்கள் பெயரைப் போடாதது பிழை. ஒத்துக்கொள்கிறேன். அடுத்த பதிப்பில் முதற் பக்கத்திலேயே 'நன்றி: திருமதி இராசமலர் ஆனந்தராசா' என்று பெரிய எழுத்தில் போடச் சொல்கிறேன். படமும் போடலாம். போதுமா?

இவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. "ரீச்சர் போய்ச் சேர்ந்ததுக்கு ஒரு கோலும் எடுக்கேல்லையே" என்று நாளுக்கு நாலு தரம் கேட்கிறார். தயவுசெய்து அவருக்கு ஒரு சொல் எழுதுங்கோ.

தயா


திருகோணமலை
20 யூலை 2025

தயாளினி அவர்களுக்கு,

ஊருக்கு வந்து சேர்ந்தேன். உங்கள் கடிதத்தை இராகுலன் இங்கே திருப்பி அனுப்பியிருந்தான்.

என் பெயரை எங்கும் போட வேண்டாம். படமும் வேண்டாம். அதைக் கேட்க நான் எழுதவில்லை.

நினைவிலிருந்து எழுதினேன் என்கிறீர்கள். நான் ஒரு உதாரணம் சொல்கிறேன். பரீட்சை மண்டபத்தில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதியதை எதை வைத்துக் கண்டுபிடிப்போம்? சரியான விடையை வைத்தல்ல. சரியான விடை எல்லாருக்கும் ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே பிழையை ஒரே இடத்தில் விட்டிருந்தால், அங்கேதான் பிடிப்போம்.

பாயிஸின் பாடத்தில் நான் ஒரு பிழை விட்டிருந்தேன். இரண்டாம் வரியில் ஆடு கயிற்றைத் தின்றுவிடும். ஐந்தாம் வரியில் பாயிஸ் அதே கயிற்றால் ஆட்டைக் கட்டுவான். முதல் நாள் வாசித்தபோது ஸஜ்ஜாத் எழுந்து, "ரீச்சர், கயிறு வயித்துக்குள்ள எல்லோ?" என்று கேட்டான். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து எப்போது சொன்னாலும் 'வேலிக் கொடியால் கட்டினான்' என்றுதான் சொல்வேன். பிள்ளைகளும் அப்படித்தான் சொல்வார்கள். கொப்பியில் மட்டும் திருத்தவில்லை; அந்தப் பகிடி அப்படியே கிடக்கட்டும் என்று விட்டேன்.

உங்கள் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் ரயனின் நாய்க்குட்டி கயிற்றைத் தின்கிறது. மூன்று வரி தள்ளி, ரயன் அதே கயிற்றால் அதைக் கட்டுகிறான். நினைவு என்றால் அங்கே வேலிக் கொடி வந்திருக்கும். நீங்கள் கொப்பியைத் திறந்து வைத்துப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். கடல் அதைக் கொண்டு போகவில்லை.

இனி நான் ஏன் கேட்கிறேன் என்று சொல்கிறேன்.

ஒரு பிள்ளை தன் பாடத்தைத் தடக்குப்படாமல் வாசித்து முடித்தால், என் பேனாவைக் கொடுத்து அந்தப் பக்கத்தின் அடியில் பெயரை எழுதச் சொல்வேன். உங்களுக்குத் தெரியும். லக்சனா எழுதியது 2004 கார்த்திகையில். அடுத்த மாதம் கடல் வந்து அவளைக் கொண்டு போனது. அவளுடைய தாய் கஜந்தி இன்னும் இறக்கக்கண்டியில்தான் இருக்கிறார். அவரிடம் பிள்ளையின் ஒரு படமும் இல்லை. சட்டை இல்லை, கொப்பி இல்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த குழுப்படமும் அதிபரின் அறையோடு போய்விட்டது.

ஒவ்வொரு வருடமும் நினைவு நாளன்று அவர் வீட்டுக்குப் போவேன். தேத்தண்ணி தருவார். ஒவ்வொரு வருடமும் ஏதோ புதிதாகக் கேட்கிற மாதிரி அதையே கேட்பார். "ரீச்சர், அவள் எழுதினது துண்டு துணுக்காவது எங்கையும் கிடக்குமோ?" நானும் ஒவ்வொரு வருடமும், "இல்லைப் பிள்ளை, எல்லாம் கடலோட" என்பேன்.

இருபது தரம் அந்தத் தாயிடம் பொய் சொல்லியிருக்கிறேன், தயாளினி. பொய் உங்களுடையது. சொன்ன வாய் என்னுடையது.

அந்த ஒரு பக்கத்தை அனுப்புங்கள்.

இராசமலர்


பாரிஸ்
18 ஓகஸ்ட் 2025

மலரக்கா,

இந்தக் கடிதத்தை ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. இதையும் வாசித்தால் கிழிப்பேன், ஆகவே வாசிக்காமல் ஒட்டப் போகிறேன்.

கொப்பி என்னிடம் இருக்கிறது. எப்போதும் என்னிடம்தான் இருந்தது. அந்த மார்கழி விடுமுறைக்குப் படம் கீறி முடிக்கவென்று தோப்பூருக்கு, அம்மா வீட்டுக்குக் கொண்டு போனேன். அங்கே ஒரு சொட்டுத் தண்ணி வரவில்லை. அம்மாவின் அலுமாரிக்கு மேல் அப்படியே இருந்தது.

நான் உங்களைத் தேடிச் சுனாமி முகாமுக்கு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்காது. வகுப்பு இடாப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தீர்கள். ஒவ்வொரு பெயராக வாசித்து, "இருக்கு, இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வந்தீர்கள். லக்சனாவின் பெயரில் நின்றீர்கள். பிறகு மறுபடி முதலாம் பெயரிலிருந்து தொடங்கினீர்கள். மூன்று தரம். தலையை நிமிர்த்தி, "தயா, கொப்பி?" என்றீர்கள். அதை உங்கள் கையில் தந்தால் உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று பயந்தேன். "கடல் அக்கா" என்றேன். அது உங்களுக்காகச் சொன்னது. சத்தியமாக.

அடுத்த மாதம் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த மாதம் இன்னும் கஷ்டமாகிவிட்டது. பிறகு எனக்கு விசா வந்தது.

மற்றதையும் சொல்கிறேன், நீங்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஊரில் நான் ஆர்? தொண்டர் ஆசிரியை. ஆறு வருடம் நிரந்தரமாக்குவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் உங்களை 'ரீச்சர்' என்பார்கள், என்னை 'படம் கீறிற ரீச்சர்' என்பார்கள். அந்தக் கொப்பியில் பாதி என் கை. நீங்கள் ஒரு நாளாவது, "தயா, நீரும் ஒரு பாடம் எழுதும்" என்று சொன்னீர்களா? இங்கே வந்து இரண்டு வருடம் கந்தோர்களில் கக்கூசு கழுவினேன். பிறகு சனிக்கிழமை வகுப்புக்கு ஆள் தேடினார்கள். "படிப்பிக்கத் தெரியுமோ?" என்று கேட்டார்கள். அன்றுதான் பெட்டியிலிருந்து கொப்பியை எடுத்தேன். அடுத்த கிழமை லாச்சப்பலில் ஒரு தாய் என்னைப் பார்த்து, "ரீச்சர்!" என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்க ஒரு நிமிடம் ஆனது. என்னைத்தான் என்று விளங்கவில்லை.

கஜந்தியிடம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியாது. அது மட்டும் தெரிந்திருந்தால்... இல்லை, என்ன செய்திருப்பேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நேற்றிரவு இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் கோப்பி குடிக்காமல் வேலைக்குப் போய்விட்டார்.

பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பிளேடால் மெதுவாகத்தான் வெட்டினேன். தட்டச்சு செய்த பிள்ளைக்கு விளங்குவதற்காகச் சில இடத்தில் சிவப்பு மையால் குறித்திருக்கிறேன். குறை நினைக்காதேங்கோ.

தயா


திருகோணமலை
14 செப்டெம்பர் 2025

தயாளினி அவர்களுக்கு,

பதிவுத் தபால் வியாழக்கிழமை கிடைத்தது. வெள்ளிக்கிழமை பாயிஸின் ஓட்டோவில் இறக்கக்கண்டிக்குப் போனேன். கூலி வாங்க மாட்டேன் என்றான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முகாமில் நான் இடாப்பை வாசித்தது எனக்கு நினைவில்லை. நீங்கள் எழுதித்தான் தெரியும். அன்றைக்கு நீங்கள் சொன்ன பொய்யை நான் மன்னிக்கிறேன். காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கசப்பு மருந்தை இனிப்பு என்று சொல்லிக் கொடுப்பது போன்றது அது. பாடம் எழுத உங்களை நான் கேட்டதில்லை என்பதும் சரி. கேட்டிருக்க வேண்டும். இரண்டு நாளாக அதை யோசிக்கிறேன். நான் உங்களுக்குச் செய்த குறை அது.

ஆனால் காய்ச்சல் விட்டபிறகும் கசப்பை இனிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தால் அதற்கு வேறு பெயர். அதோடு, சிவப்பு மையால் 'சில இடத்தில்' குறித்ததாக எழுதியிருந்தீர்கள். நான் எண்ணிப் பார்த்தேன். ஆறு இடம். அவள் பெயர் அந்தப் பாடத்தில் வருவதே ஆறு இடம்தான். ஒவ்வொன்றின் மேலும் அடிமட்டம் வைத்து நேராக ஒரு கோடு. மேலே 'ஆதிரா'. பிழை திருத்துகிற ஆசிரியர் போடும் கோடு. இன்னொரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கலாமே, தயாளினி. உங்கள் வீட்டில் தாளா இல்லை?

கஜந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்தார். நான் பக்கத்தைக் கொடுத்தேன். அவர் பாடத்தைப் பார்க்கவில்லை. கண் நேரே அடிப் பக்கத்துக்குப் போனது. அங்கே சிவப்பு மை இல்லை. அதுவரைக்கும் உங்களுக்கு நன்றி.

"அவளின்ர கைதான் ரீச்சர்" என்றார். "கடைசி எழுத்துக்கு இடம் காணாம விட்டிட்டுக் கீழ இறக்கிப் போடுவாள். எத்தினை தரம் பேசியிருப்பன்."

விரலை வைக்கப் பார்த்து, மீன் வெட்டின கை என்று எடுத்துக்கொண்டார். மறுபடி போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். அதன்பிறகுதான் தொட்டார். பாயிஸ் வாசலில் நின்று கடற்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகுதான் பக்கத்தின் மேற்பாதியைப் பார்த்தார்.

"அவளின்ர பேரை இப்பிடி ஆர் ரீச்சர் வெட்டினது?"

நான் வெட்டியதாகச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆசிரியர் கொப்பியில் கோடு போடுவது சாதாரணம், நம்பியிருப்பார். ஆனால் அந்த வீட்டில் நான் சொல்ல வேண்டிய பொய்யெல்லாம் முடிந்துவிட்டது.

"தயாளினி ரீச்சர்" என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். கொப்பி தோப்பூரில் இருந்தது, பாரிஸுக்குப் போனது, புத்தகமானது, எல்லாம்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"அந்த ரீச்சருக்கு என்ர பிள்ளையைத் தெரியுமோ?"

"ஓம். பாட்டு அவதான் சொல்லிக் குடுத்தவ. இந்தப் பக்கத்தில இருக்கிற வள்ளமும் அவ கீறினதுதான்."

"அப்ப, கோடு போடேக்க அவளின்ர முகம் வந்திருக்குமே ரீச்சர்?"

நான் முப்பத்தைந்து வருடம் வகுப்பில் நின்றவள். கேள்விக்கு மறுமொழி தெரியாவிட்டால், 'பார்த்து நாளைக்குச் சொல்கிறேன்' என்று சொல்லிப் பழகியவள். கஜந்திக்கும் அதையே சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்விக்கு மறுமொழி என்னிடம் இல்லை. உங்களிடம்தான் இருக்கிறது.

கொப்பியின் மற்ற இருபத்தேழு பக்கங்களையும் நான் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், தங்கள் பெயரைத் தாங்களே எழுதுவார்கள். உங்கள் வகுப்பை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். அந்தச் சின்னப் பிள்ளை புறாப் பாடத்தை அழகாகத்தான் வாசித்தாள். உங்கள் கணவருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். என்னை ஏற்றிக்கொண்டு மழையில் திரிந்ததற்கு நன்றி சொல்லி. வேறொன்றும் எழுதவில்லை.

நாம் இருவரும் இனி எழுதிக்கொள்வோமா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு என்னால் ஏலாது. எனக்கு மறுமொழி எழுத வேண்டாம். கஜந்தியின் முகவரியை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவருக்கு எழுதுங்கள். அழுதேன், வருந்தினேன், மன்னியுங்கள் என்றெல்லாம் எழுத வேண்டாம். அதை வைத்து அவர் என்ன செய்வார்?

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, ஒரு வெறுந்தாளை எடுத்து, லக்சனாவைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை ஐந்து வாக்கியங்களில் எழுதுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் அவள் பெயரில் தொடங்குங்கள்.

இராசமலர்